கண்ணில் ஒற்றிக்கொண்ட மருந்து

எங்கள் வேலையில் ஒரு மருந்து உண்டு. ஊசியில் ஏற்றித் துப்பாக்கியால் சுட்டால், கொஞ்ச நேரத்தில் யானையையே படுக்க வைத்துவிடும். அதே மருந்து மனிதரின் கண்ணிலோ உதட்டிலோ ஒரு துளி பட்டால் போதும், முதலில் தூக்கம் வரும், அப்புறம் மூச்சு விடுவதே மறந்துபோகும். மயக்க மருந்து என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் பல் பிடுங்கும்போது போடுவதைப் போல ஏதோ என்று நினைத்துக்கொள்கிறார்கள். தொண்டைத் தண்ணீர் வற்ற எத்தனை பேரிடம்தான் கத்துவது?

அதைக் கையாளக் கற்றுக்கொண்டது ஆப்பிரிக்காவில். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கால்நடை மருத்துவம் படித்து முடித்த கையோடு, அந்தக் கண்டத்தின் தெற்கே ஒரு சரணாலயத்துக்குப் பயிற்சிக்குப் போனேன். கறுப்புக் காண்டாமிருகங்களைக் கொம்புக்காகச் சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்த காலம் அது. காவல் இல்லாத காடுகளில் மிச்சமிருந்தவற்றை மயக்கி, லாரியில் ஏற்றி, வேலியும் துப்பாக்கிக் காவலும் இருந்த இடத்துக்கு மாற்றினோம். சிலவற்றுக்குக் கொம்பையே ரம்பத்தால் அறுத்துவிட்டோம். கொம்பில்லாததைக் கொல்ல யாருக்கு ஆசை வரும் என்ற கணக்குத்தான். கொம்பு நம் நகம் மாதிரி, அளவோடு அறுத்தால் அதற்கு வலிக்காது. ஆனால் பார்க்கிறவளுக்கு வயிறு எரியும். உயிர் வேண்டுமானால் கொம்பைக் கொடு என்று ஒரு பிராணியிடம் கேட்கும் நிலைக்கு வந்துவிட்டோமே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். ஆத்திரப்படுவதில் நான் கெட்டிக்காரி.

அங்கே இருந்த டாக்டர் ஒரு விஷயத்தில் படு கறார். மருந்துப் புட்டியைத் திறக்கும் முன், மயக்கத்தை எடுக்கும் முறிமருந்து தயாராக இருக்க வேண்டும். பெரிய சிரிஞ்சில் மிருகத்துக்கு, சின்ன சிரிஞ்சில் மனிதருக்கு. இரண்டும் ஒரே ஆளின் பையில் இருக்க வேண்டும், அந்த ஆள் வேறு எந்த வேலைக்காகவும் அவற்றைக் கீழே வைக்கக் கூடாது. நான் ஒருமுறை குனிந்து காலணியின் கயிற்றைக் கட்டுவதற்காக அந்த சிரிஞ்சுகளை ஜீப்பின் மேல் வைத்துவிட்டேன் என்று அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை அவர்.

ஊருக்குத் திரும்பியதும் கோவையில் யானைகளை ஆராயும் ஒரு சின்னக் குழுவில் சேர்ந்தேன். மூத்த டாக்டர் ஒருவர், நான், ஜீப் ஓட்டுகிறவர், அவ்வளவுதான் குழு. ஆப்பிரிக்காவில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தந்தம் உண்டு, இரண்டையும் சுட்டார்கள். இங்கே ஆண் யானைக்கு மட்டும்தான் தந்தம். ஆக, சுடுகிறவன் ஆணாகப் பார்த்துச் சுடுகிறான், கூட்டம் முழுக்கப் பெண்களாகவே நிற்கிறது. மிஞ்சியிருக்கும் தந்தமுள்ள கொம்பன்கள் எந்த வழியில் போகின்றன, எங்கே படுக்கின்றன என்று தெரிந்தால்தான் காப்பாற்ற முடியும். அதற்குக் கழுத்தில் ரேடியோ கட்ட வேண்டும். கழுத்துப்பட்டைக்கு வெளிநாட்டுக்கு எழுதிப் போட்டுக் காத்திருக்காமல், மில்லில் எந்திரத்தில் ஓடும் பெல்ட்டை வாங்கி, பீளமேட்டுப் பட்டறை ஒன்றில் ஓட்டை போட்டு போல்ட் வைத்துக்கொண்டோம். நம்மூரில் செய்ய முடியாத சாமான் என்ன இருக்கிறது?

முதல் யானை என் தாய்மாமன் தோட்டத்தில் வாய்த்தது. தொண்டாமுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் மாமாவுக்குத் தென்னந்தோப்பு. அந்த வருடம் தனியாகத் திரியும் கொம்பன் ஒன்று வந்து வந்து கன்றுகளைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தது. பார்க்கிறவர்களிடமெல்லாம் மாமா ஒரே பேச்சுத்தான் பேசினார். "இன்னொருக்கா வரட்டுங்க, வேலியில கரண்டு வெச்சுப்போடறேன்." விளையாட்டுக்குச் சொல்கிற ஆள் இல்லை அவர். அதனால்தான் நாங்கள் அவசரப்பட்டோம்.

அண்ணனுக்கு இப்படி ஒரு கஷ்டமா என்று அன்னூரிலிருந்து என் அம்மாவும் வந்து உட்கார்ந்திருந்தாள். என் வேலையை அவள் நேரில் பார்த்ததே இல்லை. "உங்க பொண்ணு என்ன பண்றாங்க?" என்று யாராவது கேட்டால், "மாட்டு டாக்டருங்க" என்பாள். "அதுக்கு எதுக்குங்க ஆப்பிரிக்கா?" என்றால், "ஏனுங்க, அங்க மாடு இருக்காதுங்களா?" என்று திருப்பிக் கேட்பாள். அன்றைக்குச் சங்கடஹர சதுர்த்தி. பிள்ளையாருக்கு விரதம் இருந்து ராத்திரி நிலா பார்த்துத்தான் சாப்பிடுவாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை.

விடிந்த பிறகும் கொம்பன் காட்டுக்குத் திரும்பாமல் தோப்பின் ஓரத்தில் ஓடைப் புதருக்குள் நின்றது. மூத்த டாக்டர், எங்கள் சார், ஜீப்பின் மேல் நின்று சுட்டார். ஊசி புட்டத்தில் சாய்வாகப் போய்க் குத்தியது. மருந்தில் கொஞ்சம் உள்ளே இறங்காமல் தோலின் மேல் வழிந்ததை நான் பார்த்தேன். உள்ளே போனதே போதுமாக இருந்தது. யானை நாலு தென்னை தாண்டி நடந்தது, தள்ளாடியது, வரப்போரம் ஒருக்களித்துப் படுத்தது. நெஞ்சு அமுங்கப் படுத்திருந்தால் மூச்சு முட்டிச் செத்திருக்கும். பக்கவாட்டில் படுத்ததைப் பார்த்ததும் எனக்குப் பாதி உயிர் வந்தது.

அதற்குள் ஊரே திரண்டுவிட்டது. இதுதான் ஆப்பிரிக்காவில் எனக்கு யாரும் சொல்லித் தராத பாடம். அங்கே நாங்கள் வேலை செய்த இடத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை புல்தான். இங்கே யானை படுத்தால் ஐந்து ஊர் சனம் வேடிக்கைக்கு வரும். நான் தொண்டை கிழியக் கத்தினேன். "ஆரும் கிட்ட வராதீங்க! தொட்டா உசுருக்கு ஆபத்துங்க!" அம்மாவிடம் தனியாகப் போய்ச் சொன்னேன், மோட்டார் ரூம் பக்கமே நில், தாண்டி வராதே என்று. "செரி கண்ணு" என்றாள்.

வெயில் ஏற ஏற யானைக்கு உடம்பு சூடாகும். நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கரண்டு இல்லை, மோட்டார் ஓடவில்லை. தொட்டியில் இருந்த தண்ணீரைப் பெண்கள் குடத்தில் மொண்டு வந்து வரப்பில் வைக்க, ஜீப் ஓட்டுகிறவர் வாங்கி ஊற்றினார். வரப்பைத் தாண்டி ஒருத்தரும் வரக் கூடாது என்று கோடு கிழித்த மாதிரி சொல்லியிருந்தேன். நானும் சாரும் தலைப் பக்கம் இருந்தோம். பட்டையைக் கழுத்துக்கு அடியில் நுழைத்து, போல்ட்டை முடுக்கினோம். துதிக்கை நுனியில் கையை வைத்து மூச்சைப் பார்த்தேன். நிதானமாக, சூடாக வந்தது. எல்லாம் முடிந்தது, இனி முறிமருந்து போட்டு எழுப்ப வேண்டியதுதான் என்று நிமிர்ந்தேன்.

யானையின் பின்பக்கம் அம்மா நின்றுகொண்டிருந்தாள். காலியான குடம் இடுப்பில். ஊசி குத்திய இடத்துக்குக் கீழே, மருந்து வழிந்த அதே இடத்தில், இரண்டு கையையும் வைத்துத் தடவினாள். தடவிய கைகளை அப்படியே இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டாள்.

நம் சனத்துக்கு யானையைத் தொட்டால் கை தானாகக் கண்ணுக்குப் போய்விடும். கோயில் யானை, தெருவில் வருகிற யானை, எதுவானாலும் சரி. நானே சின்ன வயதில் எத்தனை முறை செய்திருக்கிறேன்! தொடாதீர்கள் என்று கத்தத் தெரிந்த எனக்கு, தொட்ட கையைக் கண்ணில் வைக்காதீர்கள் என்று சொல்லத் தோன்றவே இல்லை. அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு மூன்று பெண்கள் கையை நீட்டிக்கொண்டு வரப்பில் இறங்கியிருந்தார்கள்.

நான் போட்ட கூச்சலில் அவர்கள் விழுந்தடித்து ஓடினார்கள். அம்மா மட்டும் ஓடவில்லை. தன்னை எதற்கு அதட்டுகிறாள் மகள் என்று முழித்தாள். குடத்தில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. அடுத்த குடத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடி, "கண்ணைக் கழுவு" என்றேன்.

"சாமியத் தொட்டுக் கும்புட்ட கைய ஆராச்சும் கழுவுவாங்களா? அதுவும் சதுர்த்தியும் அதுவுமா?"

"அம்மா, அது மருந்து. விஷம்."

"யானை நல்லாத்தான மூச்சு உடுது? அதுக்கு ஒண்ணும் ஆகல, எனக்கு என்ன ஆகும்?"

அதற்குப் பதில் சொல்ல நேரம் இல்லை. கொண்டையைப் பிடித்துத் தலையைக் குனிய வைத்து, முகத்திலும் கண்ணிலும் தண்ணீரை ஊற்றினேன். திமிறினாள். கைகளைத் தேய்த்துக் கழுவினேன். பெற்றவளைப் பத்துப் பேர் பார்க்க இப்படி இழுக்கிறாளே என்று பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது. சொல்லிக்கொள்ளட்டும்.

கழுவி முடித்ததும் அம்மா தென்னை மரத்தடியில் உட்கார்ந்தாள். சேலை முழுக்க நனைந்திருந்தது. என்னைப் பார்க்கவே இல்லை, அவ்வளவு கோபம். நான் எதிரில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்தேன்.

"தலய என்னமோ பண்ணுது கண்ணு" என்றாள் கொஞ்ச நேரத்தில். "தூக்கமா வருது."

மாமா வந்து குனிந்தார். "வெறும் வவுறு அம்மணி. வெயில்ல தண்ணி சொமந்துருக்குது. ஒரு டம்ளர் மோர் குடுத்தா செரியாப் போயிரும்."

அவர் சொன்னதும் நியாயம்தான். விரதம் இருக்கிறவள் வெயிலில் குடம் சுமந்தால் மயக்கம் வரத்தான் செய்யும். என் பையில் சின்ன சிரிஞ்சில் இருந்த முறிமருந்தோ மிருகங்களுக்கானதேதான், புட்டியிலேயே அப்படித்தான் போட்டிருக்கும். வேறு வழி இல்லாதபோது மனிதருக்குப் போடலாம் என்று கற்றிருந்தேனே தவிர, ஒருவருக்கும் போட்டதில்லை, போட்டதைப் பார்த்ததும் இல்லை. வெறும் பசி மயக்கமாக இருந்து நான் இதை ஏற்றிவிட்டால், அதுவே அவளை அமுக்கலாம். மருந்து மயக்கமாக இருந்து நான் மோருக்குக் காத்திருந்தால், அம்மா போய்விடுவாள். யாரைக் கேட்பது? யானையை விட்டு சார் நகர முடியாது.

இமையைத் தூக்கிப் பார்த்தேன். நிழலில் உட்கார்ந்திருக்கிறாள், கண்மணி விரிந்திருக்க வேண்டும். கடுகு மாதிரி சுருங்கியிருந்தது. பசி மயக்கத்துக்குக் கண் இப்படி ஆகாது. மாமா மோர் டம்ளரை வாயருகே கொண்டுவந்தார். "ஊத்தாதீங்க மாமா, பொரையேறிச் செத்துப்போயிரும்!" என்று தட்டிவிட்டேன். மோர் அவர் வேட்டியெல்லாம் கொட்டியது. அதற்குள் அம்மா பக்கவாட்டில் சாய்ந்துவிட்டாள். மூச்சு ஒன்று வந்தது. அடுத்தது வருகிறது வருகிறது என்று பார்க்கிறேன், வரவில்லை. வந்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது.

யானையின் காது நரம்பில் ஊசி போட்டிருக்கிறேன். ஆளையே தூக்கி வீசக்கூடிய காண்டாமிருகத்தின் காதில் போட்டிருக்கிறேன். என் அம்மாவின் கையில் நரம்பு அகப்படவில்லை. தண்ணீர் குடிக்காத உடம்பு, நரம்பெல்லாம் நூலாகச் சுருங்கிக் கிடந்தது. வளையலை மேலே தள்ளிவிட்டு, மாமாவின் துண்டால் கையைக் கட்டினேன். முதல் குத்து வீண். பிள்ளையாரப்பா, இவளை எடுத்துக்கொண்டாயானால் உன் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று வாய்விட்டே திட்டினேன். இரண்டாவதும் வீண். மூன்றாவதில் சிரிஞ்சுக்குள் ரத்தம் எட்டிப் பார்த்தது. பாதியை ஏற்றினேன், பாதியை வைத்துக்கொண்டேன்.

மாமா அழ ஆரம்பித்துவிட்டார். "அக்கா, அக்கா" என்று காலைத் தேய்த்தார். அவளைவிட மூத்தவர் அவர், சின்னப் பையனைப்போல அக்கா என்று கூப்பிடுகிறாரே என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது. பயத்தில் வாயில் என்ன வந்தது என்று அவருக்கே தெரியவில்லையாம், அப்புறம் கேட்டபோது சொன்னார். நான் அம்மாவின் தாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நெஞ்சைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அப்புறம் நெடுமூச்சு ஒன்று வந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்று. உதட்டில் ரத்தம் ஏறியது. கண்ணைத் திறந்து என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"எதுக்குடி இந்தக் குத்துக் குத்தற?" என்றாள்.

சந்தோஷப்படக்கூட நேரம் கிடைக்கவில்லை. சார் அங்கிருந்து கத்தினார். யானையின் மூச்சும் குறைந்துகொண்டே வந்தது, இனியும் படுக்கப் போட்டிருக்க முடியாது, எழுப்பியாக வேண்டும். எழுந்தால் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்குத் தெரியும்? அம்மாவோ அதற்குக் கூப்பிடு தூரத்தில் கிடக்கிறாள். பெரிய சிரிஞ்சை ஓடிப்போய்ச் சாரின் கையில் கொடுத்தேன். மாமா அம்மாவைத் தோளில் போட்டுக்கொண்டு ஜீப்புக்கு ஓடினார். வண்டி தடத்தில் ஏறும்போது பின்னால் ஹோவென்று சத்தம் கேட்டது. மாதக்கணக்காக நான் காத்திருந்த யானை எழுந்திருக்கிறது போல. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மாவின் மூக்குக்கு அடியில் விரலை வைத்திருந்தேன்.

இந்த மருந்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. போய்விட்ட மாதிரி போய், உடம்புக்குள் பதுங்கியிருந்து திரும்ப வரும். கோவை போய்ச் சேரும் வரை அவளைத் தூங்க விடக் கூடாது. கன்னத்தைத் தட்டினேன், பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். "உம்" என்பாள், கண் செருகும். என் அம்மாவை முழிக்க வைக்க ஒரே வழிதான் எனக்குத் தெரியும். சண்டை பிடித்தேன்.

"கொடுமுடி மாப்பிள்ளைய வேண்டாம்னு சொன்னது நானில்ல, நீதான்."

கண் திறந்தது. "நானா? நானா சொன்னேன்? பொண்ணு பாக்க வந்த ஒறம்பரை முன்னாடி என்ற மூஞ்சியில கரியப் பூசுனது ஆரு?"

"நீதான் அவுங்களுக்குக் காப்பித் தண்ணி சரியில்லாமப் போட்டுக் குடுத்த."

"அடிப் பாவி! என்ற காப்பியவா சொல்ற?"

இப்படியே போனது. ஆப்பிரிக்காவுக்கு வழியனுப்பக்கூட வரவில்லை என்றேன். அழுகை வரும் என்றுதான் வரவில்லை என்றாள், எனக்கு அது அதுவரை தெரியாது. பேச்சை மாற்றாமல் அடுத்த சண்டைக்குப் போனேன். ஜீப் ஓட்டுகிறவர் பாவம், ஹாரனை அமுக்கிக்கொண்டே ஓட்டினார். வடவள்ளி தாண்டியதும் அம்மாவின் பதில்கள் குட்டையாகிக்கொண்டே வந்தன. "உன்ற மருமகன் சோத்துக்கு உப்புப் பத்தலைன்னு சொல்லப்போறான்" என்று இல்லாத மருமகனை இழுத்தும் பார்த்தேன். பதில் இல்லை. கண்மணி மறுபடி கடுகாகிவிட்டது. ஓடும் ஜீப்பில், மாமா கையை அசையாமல் பிடித்துக்கொள்ள, பழைய குத்துக்குப் பக்கத்திலேயே மிச்சப் பாதியை ஏற்றினேன். இதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை. இனி மூச்சு நின்றால் என் வாயால்தான் ஊத வேண்டும்.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் இந்த மருந்தின் பேரையே கேள்விப்பட்டதில்லை. ஆனால் நல்ல மனிதர், சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார். மார்ஃபின் மாதிரிதான், அதைவிடப் பல மடங்கு வீரியம் என்றேன். ஆப்பரேஷன் தியேட்டரில் மார்ஃபினை முறிக்கிற மருந்து இருந்தது, எடுத்துவரச் சொன்னார். ஆக்சிஜன் வைத்தார்கள். ஒவ்வொரு தரம் கண் செருகும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது.

மாமா தோட்டத்துக்கு போன் போட்டு விசாரித்துவிட்டு வந்தார். யானை எழுந்து, பட்டையோடு ஓடையில் இறங்கிக் காட்டுக்குள் போய்விட்டதாம். யாரையும் ஒன்றும் செய்யவில்லையாம். "கரண்டு வெக்கறதப் பத்தி அப்பறமாப் பேசிக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

அம்மா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். கொண்டையைப் பிடித்து இழுத்ததற்கு வசவு வரும் என்று காத்திருந்தேன்.

"அந்த மருந்த நீ எப்பவும் கையில எடுக்கறயா?" என்றாள்.

"எப்பவும் இல்லம்மா. வேலை இருக்கறப்ப."

"ஆப்பிரிக்காவுலயும் இதேதானா?"

"ஆமா."

"உன்ற கண்ணுல பட்டுருந்தா?"

"சாருக்கு ஊசி போடத் தெரியும்மா. பயப்படாத."

"அவுரு யானையத்தான பாத்துட்டு இருந்தாரு? நீ கத்துன கத்துக்கு ஒருக்காக்கூட இந்தப் பக்கம் திரும்பல. நான் பாத்தனே."

அம்மா ஆக்சிஜன் குழாயை மூக்கிலிருந்து தள்ளிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு அந்த ஊசியப் போடக் கத்துக்குடு."

"உனக்கு ரத்தத்தப் பாத்தாலே மயக்கம் வரும்."

"வந்தா வரட்டும். கத்துக்குடு. இனி நீ போற எடத்துக்கெல்லாம் நான் வாரேன்."

காலையிலிருந்து கத்தியது, திட்டியது, சண்டை பிடித்தது எல்லாம் அதோடு நின்றுபோனது. கட்டில் விளிம்பில் முகத்தை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன். அடக்க அடக்க அடங்கவே இல்லை. சத்தம் கேட்டு நர்ஸ் ஓடிவந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுல பேஷண்ட் ஆருங்க?" என்றார்.

அம்மா என்னைக் கை காட்டினாள்.